தில்லியில் பி.எட். முதலாண்டு: எந்த நூல்களை, எந்த வரிசையில் படிப்பது?

தில்லியில் பி.எட். முதலாண்டில் சேர்ந்திருப்பதாகவும், கல்லூரியில் ஒவ்வொரு தாளுக்கும் நீண்ட நூற்பட்டியல் கொடுத்திருப்பதாகவும், மூத்த மாணவர்களோ கைடும் பழைய வினாத்தாளும் போதும், மிச்ச நேரத்தில் மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வான சிடெட்டுக்குத் தயாராகு என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் தமிழ் பேசுபவர், பள்ளியிலும் தமிழை ஒரு பாடமாகப் படித்தவர் என்பதால் தமிழில் கிடைப்பவற்றையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறீர்கள். பத்து நூல்களின் பெயரைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியைத் திரும்பப் படித்தால், தேர்வோடு தீர்ந்துவிடும் படிப்பு எது, நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும்போது கைகொடுக்கும் படிப்பு எது, இரண்டுக்கும் நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பதே அதன் உள்ளடக்கம் என்று தோன்றுகிறது. அதற்கே பதில் எழுத முயல்கிறேன். தில்லிப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புக்கு மேல் கணிதம் கற்பித்து வருகிறேன். பயிற்சிக்கு வரும் பி.எட். மாணவர்களின் வகுப்புகளைக் கடைசி வரிசையில் அமர்ந்து பார்த்துக் குறிப்பெழுதிக் கொடுக்கும் பொறுப்பும் பல ஆண்டுகளாக எனக்கு உண்டு. மழலையர் வகுப்புகளில் எனக்கு அனுபவம் இல்லை. அந்த நிலையில் கற்பிக்க விரும்பினால், அங்கே வேலை செய்தவர்களின் பேச்சையே நீங்கள் கூடுதலாக நம்ப வேண்டும்.

தேர்வை முதலில் முடித்துவிடுவோம், அது எளிது. இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தன் பி.எட். படிப்புக்காக வெளியிட்ட பாடநூல்கள் அதன் இ-ஞான்கோஷ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குழந்தைப் பருவமும் வளர்ச்சியும், கற்றலும் கற்பித்தலும், கற்றலுக்கான மதிப்பீடு ஆகிய மூன்று தாள்களின் தொகுதிகள் நன்றாக எழுதப்பட்டவை. உங்கள் கல்லூரி வேறு பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்தாலும் பாடப்பொருள் பெரிதும் ஒன்றுதான். தமிழில் படித்துப் புரிந்துகொண்டு பிறகு ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத விரும்பினால், தமிழ்நாட்டில் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புக்காகத் தமிழில் வந்துள்ள உளவியல் பாடநூல் துணைசெய்யும். சிடெட் தேர்வின் இரு தாள்களிலும் 150 கேள்விகளில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் பற்றியவை, மொழிப்பாடமாகத் தமிழையும் தேர்ந்தெடுக்கலாம், 2021 முதல் சான்றிதழுக்குக் காலவரம்பும் இல்லை. ஆகவே அதற்காக இரண்டு ஆண்டுகளையும் விழுங்கக் கொடுக்க வேண்டியதில்லை, கடைசி ஆறு மாதம் போதும். கைடு வாங்குவதைக் குற்றமென்று நான் சொல்ல மாட்டேன். கைடு மட்டுமே படித்து வருபவரை வகுப்பில் பத்து நிமிடத்தில் அடையாளம் கண்டுவிடலாம் என்று மட்டும் சொல்வேன். ஒரு பிள்ளை எதிர்பாராத பதிலைச் சொன்னால், அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார்.

நான் முதலில் படிக்கச் சொல்வது எந்தப் பேரறிஞரின் நூலையும் அல்ல, நீங்கள் கற்பிக்கப்போகும் பாடத்துக்கு என்.சி.இ.ஆர்.டி. என்ற மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் பள்ளிப் பாடநூல்களைத்தான், அதுவும் நீங்கள் எடுக்கப்போகும் வகுப்புக்குக் கீழே மூன்று வகுப்புகளிலிருந்து தொடங்கி. ஆறாம் வகுப்புக் கணிதம் என்றால் மூன்றாம் வகுப்பு நூலிலிருந்து வரிசையாக, ஒவ்வொரு கணக்கையும் நீங்களே போட்டுப் பார்த்துக்கொண்டு படியுங்கள். பட்டம் பெற்றவருக்கு இது நேர விரயமாகப் படும், ஆனால் பயிற்சிக்கு வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கணிதம் தெரிந்திருப்பது ஒன்று, அந்தக் கணிதம் பத்து வயதுப் பிள்ளைக்கு எங்கே சறுக்கும் என்று தெரிந்திருப்பது வேறொன்று. 1986-இல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இந்த இரண்டாவது அறிவை ஆசிரியருக்கே உரிய தனி அறிவு என்று பிரித்துக் காட்டினார். உங்கள் கல்லூரிப் பட்டியலில் அவர் கட்டுரை இருந்தால் தவிர்க்காதீர்கள்.

ஒரு எடுத்துக்காட்டு சொன்னால் விளங்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் நோட்டில் 52–38 = 26, 71–45 = 34, 60–27 = 47 என்று மூன்று விடைகள் இருக்கின்றன. மூன்றும் தவறு. பயிற்சிக்கு வந்த ஆசிரியர் சிவப்பு மையில் மூன்று பெருக்கல் குறி போட்டு, 'கவனமாகச் செய்' என்று எழுதிவிட்டார். உண்மையில் அந்தப் பிள்ளை மிகக் கவனமாகத்தான் செய்திருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறது: எட்டிலிருந்து இரண்டு போனால் ஆறு, ஐந்திலிருந்து மூன்று போனால் இரண்டு. கேட்டால், 'சின்ன நம்பர்லேருந்து பெரிய நம்பரைக் கழிக்க முடியாதுன்னு மேடம் சொன்னாங்க' என்று பதில் வரும். கீழ்வகுப்பில் ஓர் ஆசிரியர் நல்ல எண்ணத்தோடு சொன்ன வாக்கியம் மூன்று ஆண்டுகளாக விதியாகி நிற்கிறது. கவனம் பற்றிய அறிவுரையால் இந்தத் தவறு போகாது. பத்துகளையும் ஒன்றுகளையும் குச்சிக்கட்டுகளாகக் கையில் கொடுத்து, ஒரு கட்டைப் பிரிக்க வைத்தால்தான் போகும். மூன்றாம் வகுப்புப் பாடநூலை ஊன்றிப் படித்தவருக்கு இது உடனே தெரியும். ஆகவே பாடநூலோடு சேர்த்துப் பிள்ளைகளின் நோட்டுகளையும் உங்கள் வாசிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரிந்த வீட்டுப் பிள்ளைகளின் பழைய நோட்டுகளைக் கேட்டு வாங்கினாலே தொடங்கிவிடலாம்.

இரண்டாவதாக, வகுப்பறைக்குள்ளிருந்து எழுதப்பட்ட நூல்கள். கல்லூரிப் பட்டியல்களில் இவை கடைசியில், 'மேலும் படிக்க' என்ற தலைப்பின்கீழ் வரும். என் அனுபவத்தில் இவையே கோட்பாட்டு நூல்களுக்கு முன்னால் வர வேண்டும். ஒரு வகுப்பு குலைந்து போவதையும் மீண்டும் சேர்வதையும் பார்த்தவருக்கே கோட்பாடு எந்தக் கேள்விக்குப் பதிலாக எழுந்தது என்று புரியும். கிஜுபாய் பதேக்கா குஜராத்தியில் எழுதிய 'திவாஸ்வப்னா' தமிழில் 'பகல் கனவு' என்ற பெயரில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாக வந்துள்ளது. வழக்கறிஞராக இருந்து ஆசிரியரானவர் அவர். 1920-இல் பாவ்நகரில் குழந்தைகள் பள்ளியைத் தொடங்கி, மாண்டிசோரி முறையை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றிக் கையாண்டவர். கதைபோல எழுதப்பட்ட இந்நூலில், கல்வி அதிகாரியிடம் நான்காம் வகுப்பு ஒன்றைக் கேட்டு வாங்கும் ஆசிரியர் முதல் நாளே தோற்கிறார். அமைதி விளையாட்டு என்று தான் நூல்களில் படித்ததைச் செய்து பார்க்கிறார், பிள்ளைகள் வகுப்பை இரண்டாக்கிவிடுகிறார்கள். மறுநாள் ஒரு கதையோடு வருகிறார், வகுப்பு அடங்கிக் கேட்கிறது. அந்தக் கதையிலிருந்து வகுப்பு நூலகமும், அதிலிருந்து வாசிப்பும், வாசிப்பிலிருந்து மொழியும் இலக்கணமும் எப்படி வளர்கின்றன என்பதே மிச்சம். தொண்ணூறு ஆண்டுகளுக்கும் முந்தைய பள்ளி என்பதால் சில இடங்கள் இன்றைக்குப் பொருந்தா. ஆனால் முதல் சில அத்தியாயங்களுக்கு ஈடான நூல் எனக்குத் தெரிந்து இந்திய மொழிகளில் அரிது.

அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட்டின் 'குழந்தைகள் எப்படித் தோற்கிறார்கள்' என்ற ஆங்கில நூல் 1964-இல் வந்தது, நாட்குறிப்பு வடிவில் இருப்பது. பிள்ளைகள் கேள்வியை யோசிப்பதை விட்டுவிட்டு ஆசிரியரின் முகத்தைப் படித்து விடையை ஊகிப்பதை அவர் பக்கம் பக்கமாகப் பதிவு செய்திருக்கிறார். பயிற்சி வகுப்புகளில் நான் குறிப்பெழுதும்போது தேடுவதும் இதையே. ஆசிரியர் 'சரியா?' என்று குரலை உயர்த்தினால் 'இல்லை' என்றும், தாழ்த்தினால் 'சரி' என்றும் வகுப்பே சேர்ந்து சொல்லும், யாருக்கும் எதுவும் புரிந்திருக்காது. அடுத்து, இத்தாலியின் பார்பியானா என்ற மலைக்கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள், பாதிரியார் லொரென்சோ மிலானியின் வழிகாட்டலில் 1967-இல் சேர்ந்து எழுதிய 'ஆசிரியருக்கு ஒரு கடிதம்'. ஏழைப் பிள்ளைகளைத் தேர்வில் தோற்கடித்துத் தோற்கடித்தே பள்ளி வெளியேற்றுகிறது என்று அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். படிக்கும்போது கோபம் வரும், அந்தக் கோபம் ஆசிரியராகப்போகிறவருக்குத் தேவையானது. தமிழிலேயே எழுதப்பட்டவற்றில் ச. மாடசாமியின் 'எனக்குரிய இடம் எங்கே?' உங்களுக்கு நெருக்கமாக இருக்கும். இரா. நடராசனின் 'ஆயிஷா' சிறுகதைதான், ஒரே அமர்வில் முடிந்துவிடும். கேள்வி கேட்கும் பிள்ளையைப் பள்ளி என்ன செய்கிறது என்பதை அதைப் படித்தவர் மறப்பதில்லை. எல்லோரும் பரிந்துரைக்கும் 'டோட்டோ-சான்' என்ற ஜப்பானிய நூலை நானும் விரும்புகிறவனே, தமிழிலும் கிடைக்கிறது. முதல் நாளில் தலைமையாசிரியர் கோபயாஷி சிறுமி டோட்டோ-சான் பேசுவதை நான்கு மணி நேரம் கேட்கும் பகுதி ஒன்றே போதும். ஆனால் அது ஒரு மாணவியின் நினைவுக்குறிப்பு, மிகச் சிறிய பள்ளியைப் பற்றியது. அதில் ஆசிரியரின் மனப்பாங்கைக் கற்கலாம், நாற்பது பேர் வகுப்பை நடத்தும் முறையைத் தேட வேண்டாம்.

கோட்பாட்டு நூல்கள் மூன்றாவது. இங்கே தேர்வுக்கு எழுதுவதும் உண்மையென்று நிலைபெற்றதும் சில இடங்களில் விலகி நிற்கின்றன, அந்த விலகலைத் தெரிந்துகொண்டே எழுதுங்கள். சுவிஸ் உளவியலாளர் பியாஜேயின் நான்கு வளர்ச்சிப் படிநிலைகளை வயதுவாரியாக எழுதச் சொல்வார்கள், எழுதுங்கள். ஆனால் அந்த வயது எல்லைகள் கல்லில் வெட்டியவை அல்ல. இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்கி, ஒரு வரிசையைப் பெரியவர் கலைத்துவிட்டு 'இப்போது எதில் அதிகம்?' என்று கேட்டால், ஐந்தாறு வயதுப் பிள்ளைகளில் பலர் தவறாகச் சொல்வார்கள். அதே வரிசையை ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை தற்செயலாகக் கலைத்துவிட்டதுபோல் செய்து கேட்டபோது, சரியாகச் சொன்னவர்கள் வெகுவாகக் கூடினார்கள். 1974-இல் மெகாரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் வெளியிட்ட இந்தச் சோதனையை, டொனால்ட்சன் 1978-இல் 'குழந்தைகளின் மனங்கள்' என்ற சிறு நூலில் விரித்து எழுதினார். பெரியவர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் முன்பு சொன்ன பதில் தவறு போலிருக்கிறது என்று பிள்ளை நினைத்துக்கொள்வதும் காரணமாகலாம் என்பது அவர் வாதம். பியாஜேயைப் பற்றி ஒரே ஒரு நூல் படிக்க நேரம் உண்டென்றால் இதைப் படியுங்கள். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியைப் பொறுத்தவரை, பிள்ளை தனியாகச் செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் இடைப்பட்ட பரப்பு என்ற கருத்து விளங்கினால் முதலாண்டுக்குப் போதும். மூல நூலை வேலையில் சேர்ந்தபின் நிதானமாகப் படிக்கலாம்.

உறுதியானது எது, ஐயத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்லும் கடமை எனக்கு உண்டு, ஏனெனில் பயிற்சிக் கல்லூரிகளில் இரண்டும் ஒரே குரலில் சொல்லப்படுகின்றன. படித்ததைத் திரும்பப் படிப்பதைவிட, நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது நீண்டநாள் நினைவுக்கு உதவும் என்பது ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் செய்த ஆய்விலும், அதன் முன்னும் பின்னும் பலர் செய்தவற்றிலும் உறுதிப்பட்டது. இடைவெளி விட்டுப் பயில்வதும் அப்படியே. மதிப்பெண்ணை மட்டும் போடுவதை விட்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லும் வளரறி மதிப்பீட்டைப் பற்றி பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் 1998-இல் எழுதிய சிறு வெளியீடு இன்றும் படிக்கத் தக்கது. இதற்கு மாறாக, பிள்ளைகளைக் கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று வகுத்து அதற்கேற்பக் கற்பித்தால் கற்றல் கூடும் என்ற கொள்கைக்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் விரிவாக எழுதிவிட்டார்கள். படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம், செய்வதில் 90 சதவீதம் நினைவில் நிற்கும் என்று சுவரில் ஒட்டும் முக்கோணப் படம் எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளரின் பெயரில் சுற்றுகிறது. 1946-இல் அவர் வரைந்த கூம்பில் சதவீதமே கிடையாது. பலவகையாகக் காட்டிக் கற்பிப்பது நல்லதுதான், எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது. பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதா, ஆசிரியர் படிப்படியாக விளக்குவதா என்ற சச்சரவு இன்னும் ஓயவில்லை. பாடத்துக்குப் புதியவரான பிள்ளைக்கு வழிகாட்டல் கூடுதலாகத் தேவை என்ற பக்கம் சாய்கிறேன், ஆனால் அதை முடிந்த முடிவாக உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

தில்லியில் கற்பிக்கப்போகிறவருக்கு மொழி பற்றிய வாசிப்பு தனியாக வேண்டும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் எதில் வேலை கிடைத்தாலும், நகராட்சிப் பள்ளியில் கிடைத்தாலும், உங்கள் வகுப்பில் வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பாடநூலில் ஒரு மொழி என்று இருக்கும் பிள்ளைகளே அதிகம். தமிழ் வீட்டுப் பிள்ளை இந்திச் சொல்லெழுதலில் க வரிசையின் நான்கு எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். தமிழில் ஒரே ககரம் இடத்துக்கேற்ப ஒலி மாறும், இந்தியில் ஒவ்வோர் ஒலிக்கும் தனி எழுத்து. அந்தப் பிள்ளை தான் அறிந்த ஒழுங்கைத்தான் பின்பற்றுகிறது. அதைக் கவனக்குறைவென்று திட்டும் ஆசிரியருக்கு மொழியியல் தெரியவில்லை என்றே பொருள். இதற்கு நல்ல தொடக்கம் கிருஷ்ண குமார் 1986-இல் எழுதிய 'குழந்தையின் மொழியும் ஆசிரியரும்'. ஆங்கிலத்திலும் இந்தியிலும் எளிதில் கிடைக்கும், மெல்லிய நூல். தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களை உருவாக்கியவர், பின்னர் என்.சி.இ.ஆர்.டி. இயக்குநராக இருந்தவர் அவர். பிள்ளைகள் வகுப்பில் பேசுவதை இரைச்சலாகக் கருதாமல் கற்றலின் கருவியாகக் கருத அந்நூல் பழக்கும். அதன்பின், பள்ளிகளில் எதை எப்படிக் கற்பிப்பது என்று வகுக்கும் தேசியக் கலைத்திட்ட வரைவு 2005-க்காக ரமாகாந்த் அக்னிஹோத்ரி தலைமையில் இந்திய மொழிகள் கற்பித்தல் பற்றி எழுதப்பட்ட அறிக்கையைப் படியுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவதால் பாட ஆங்கிலமும் புரிகிறது என்று கொள்ளக் கூடாது என்பதை 1979-லேயே கனடாக் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் விளக்கினார். தில்லி வகுப்பில் ஒவ்வொரு நாளும் கண்ணில் படும் உண்மை அது.

அரசு ஆவணங்களில் மூன்றை மட்டும் முழுமையாகப் படித்தால் போதும். யஷ்பால் குழுவின் 1993-ஆம் ஆண்டு அறிக்கை சிறியது. புத்தகப்பையின் எடையைவிடப் புரியாமல் படிப்பதே பெரிய சுமை என்று சொன்னது. அதிலிருந்து வளர்ந்தது 2005 கலைத்திட்ட வரைவு. அதன் இருபத்தொரு துணை அறிக்கைகளில் உங்கள் பாடத்துக்குரியதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது 2023-இல் வந்த பள்ளிக் கல்விக்கான தேசியக் கலைத்திட்டம், இப்போதைய பாடநூல்கள் அதன்படி வருகின்றன. 2020 கல்விக் கொள்கையைத் தேர்வுக்குச் சுருக்கமாகப் படித்துக்கொள்ளலாம். சட்டங்களைச் சுருக்கமாகப் படிக்கக் கூடாது, பிரிவுகளை மூலத்திலேயே படியுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது, 29-ஆம் பிரிவு இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, ஒரு குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. பள்ளி நிர்வாகம் வேண்டாம் என்று சொன்னாலும் அந்தக் கடமை நீங்காது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறைபாட்டு வகைகளை ஏழிலிருந்து இருபத்தொன்றாக விரித்தது, கற்றல் குறைபாடும் அதில் அடங்கும்.

வாங்கும் இடங்களையும் கேட்டிருக்கிறீர்கள். நேஷனல் புக் டிரஸ்டின் அலுவலகம் வசந்த் குஞ்சிலேயே இருக்கிறது, தமிழ்ப் பதிப்பு இருப்பில் இல்லையென்றால் அங்கேயே சொல்லிவைக்கலாம். ஆர்.கே.புரம் தில்லித் தமிழ்ச் சங்க நூலகத்தில் தேடிப்பாருங்கள், பிரகதி மைதானத்தில் நடக்கும் உலகப் புத்தகக் கண்காட்சியையும் விட்டுவிடாதீர்கள். அறிவியல் பொம்மைகளைப் பரப்பிவரும் அரவிந்த் குப்தாவின் இணையதளத்தில் கல்வி நூல்கள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. முதலாண்டில் பாடநூல்களும் 'பகல் கனவு'ம் ஹோல்ட்டும் கிருஷ்ண குமாரும் முடிந்தால் நல்ல தொடக்கம். டொனால்ட்சனையும் மதிப்பீடு பற்றிய சிறு வெளியீட்டையும் கோடை விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாமாண்டில் பள்ளிக்கு அனுப்பும் பதினாறு வாரங்களில் புதிய நூல் எதையும் தொடங்க வேண்டாம். பாடக்குறிப்பு எழுதவே இரவு போதாது. அந்த நாட்களில் தினமும் ஒரு பிள்ளை சொன்ன ஒரு தவறான பதிலை அப்படியே எழுதி, அது ஏன் வந்திருக்கும் என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். பார்பியானா கடிதத்தைப் பள்ளியிலிருந்து திரும்பியபின் படிப்பதே சரி, முன்னால் படித்தால் அதன் பாதி உறைக்காது. உங்கள் பாடம் எது என்று எழுதவில்லை. அறிவியல் என்றால், பிள்ளைகளே சோதனை செய்து கற்கும் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் 1972 முதல் 2002 வரை மத்தியப் பிரதேசக் கிராமப் பள்ளிகளில் நடந்ததையும், அதற்காக உருவான பால் வைஞானிக் செயல்நூல்களையும் தேடிப் படியுங்கள். வேறு பாடம் என்றால், எந்த வகுப்புகளுக்கு என்பதையும் சேர்த்துக் கீழே எழுதுங்கள், அதற்குரியவற்றைத் தனியாகச் சொல்கிறேன்.